பழைய காரின் குளிரூட்டி: கழற்றுவதா, காப்பதா?

பழைய பொருளைப் பேணிக் காப்பதில் நம்மவர் எவர்க்கும் இளைத்தவரல்லர். யாழ்ப்பாணத்து வீதிகளில் ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் அரை நூற்றாண்டு கடந்தும் ஓடியதை யாவரும் அறிவர். அக்கார்களில் குளிரூட்டி இருந்ததில்லை. ஆகவே அதுபற்றிய கவலையும் இருந்ததில்லை. பிற்காலத்தில் யப்பானிலிருந்து வந்திறங்கிய கார்களோடுதான் இக்கவலையும் வந்து சேர்ந்தது.

இன்று அது பல குடும்பங்களின் கவலையாகிவிட்டது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டில் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தபோதும், புதுக்கார் சாதாரண குடும்பத்தின் கைக்கெட்டும் பொருளாகவில்லை. எனவே முப்பது வயதுக் காரையும் ஓட்டியே ஆகவேண்டியுள்ளது. 2022ஆம் ஆண்டில் பெற்றோலுக்காக வரிசையில் நின்றவர்கள், வண்டியில் வீண் பாரம் எது என்று தேடத் தொடங்கினார்கள். அவர்களது கண்ணில் முதலிற் படுவது வேலை செய்யாத குளிரூட்டியே. அதைக் கழற்றி எறிவது முறையா என்பதை நாம் சிறிது ஆராய்வோம்.

முதலில் அது இயங்கும் விதத்தை அறிதல் வேண்டும். எஞ்சினின் பெல்றினால் சுழலும் கொம்பிறசர், வாயுவை அழுத்திச் சூடாக்குகின்றது. அச்சூடு, றேடியேற்றருக்கு முன்னாலுள்ள குழாய்த் தட்டில் வெளிக்காற்றுக்குச் சென்றுவிட, வாயு திரவமாகின்றது. பின்னர் அது ஒரு நுண்ணிய துவாரத்தினூடாகப் பாய்ந்து, காரின் முன்பலகைக்குப் பின்னேயுள்ள இன்னொரு தட்டில் மீண்டும் ஆவியாகின்றது. ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்கின்றது. வெயிற்காலத்து மண்பானையில் நீர் குளிர்வதும் ஆவியாதலின் பயனே அன்றோ?

குளிர்ந்த தட்டில் காற்றின் ஈரமும் நீராகப் படிந்து, காரின் அடியிற் சொட்டுகின்றது. ஆதலால் குளிரூட்டி காற்றை உலர்த்தவுஞ் செய்கின்றது. மாரி மழையில் கண்ணாடிகளை மூடிக்கொண்டு நால்வர் பயணஞ் செய்யும்போது, உட்புறம் புகார் படிந்து வீதி மறைவதை ஓட்டுவோர் அறிவர். அதனை விரைவில் நீக்குவது இவ்வுலர்ந்த காற்றே. நுவரெலியாவின் வளைவுகளில் இது சுகத்திற்குரிய பொருளன்று, பாதுகாப்பிற்குரியது.

இனி, பாரம் பற்றிய வாதத்தைப் பார்ப்போம். குளிரூட்டியை நிறுத்தியிருக்கும்போது அது பெற்றோலை உறிஞ்சுகின்றது என்பது பலரின் எண்ணம். பெரும்பாலான பழைய கார்களில் கொம்பிறசருக்கென மின்காந்தக் கிளச் ஒன்றுண்டு. பொத்தானை அணைத்தால் வெளிச்சில்லு மட்டுமே சுழலும். உள்ளே வேலை நடவாது. எஞ்சியிருப்பது அதன் நிறை மாத்திரமே. ஒரு பள்ளிப் பிள்ளையை ஏற்றிச் செல்வதற்கு ஒப்பான அதனைக் கழற்றுவதால் பெரும் பெற்றோல் மிச்சம் ஏற்படாது.

ஆயினும் கழற்றத் தக்க காரணங்களும் உள. சில்லின் பெயாரிங் தேய்ந்து இரைச்சல் எழுப்பினால் அசட்டை செய்யலாகாது. ஒரே பெல்ற் டைனமோவையும் நீர்ப் பம்பையும் சேர்த்து ஓட்டும் கார்களில், அச்சில்லு இறுகி பெல்ற் அறுந்தால் வண்டி நடுவழியில் நின்றுவிடும், எஞ்சினும் கொதித்துவிடும். முன்பலகைக்குப் பின்னேயுள்ள தட்டு ஓட்டையானால், பொருளின் விலையைவிடப் பலகையைக் கழற்றிப் பூட்டுங் கூலி மிகலாம். ஆனால் எரிந்த பியூசுக்காகவோ, உலர்ந்துபோன ஒரு சிறு றப்பர் வளையத்துக்காகவோ முழுவதையும் கழற்றுவது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாகும். எனவே முதலிற் செய்யவேண்டியது, பழுது எங்கே என அறிதல்.

எம்முடிபு எடுப்பினும் மறத்தலாகாத ஒன்றுண்டு. குழாய்களில் வாயு இன்னும் எஞ்சியிருக்கலாம். 1990களின் நடுப்பகுதிக்கு முற்பட்ட கார்களில் பெரும்பாலும் ஆர்-12 என்னும் வாயுவே இருந்தது. இவ்வகை வாயுக்கள் வானத்து ஓசோன் படலத்தை அரிக்கும் என 1974ஆம் ஆண்டில் மொலினா, றோலண்ட் என்னும் விஞ்ஞானிகள் எடுத்துரைத்தனர். 1987ஆம் ஆண்டில் மொன்றியல் உடன்படிக்கை உருவாயிற்று. 1989ஆம் ஆண்டில் இலங்கையும் அதிற் சேர்ந்தது. பின்வந்த ஆர்-134ஏ ஓசோனை அரிப்பதில்லை. ஆனால் அதே நிறையுள்ள கரியமில வாயுவிலும் ஆயிரம் மடங்குக்கு மேலாகப் பூமியைச் சூடாக்க வல்லது. ஆகவே குழாயை வெட்டி வாயுவை வெளியே விடுதல் பெருந்தவறு. அதனை இயந்திரத்தால் இழுத்து உருளையிற் சேர்க்கும் வசதியுள்ள கராஜிலேயே வேலையைத் தொடங்குக. அருகிலே தீச்சுடரும் ஆகாது. ஆர்-12 தீயிற் பட்டால் நச்சு வாயுக்களாக மாறும்.

செப்பனிட விரும்புவோர், ஆர்-12 இருந்த இடத்தில் ஆர்-134ஏயை அப்படியே ஊற்றிவிட முடியாது. பழைய எண்ணெய் புதிய வாயுவுடன் கலவாது. எண்ணெய், றப்பர் வளையங்கள், ஈரமுறிஞ்சும் குப்பி ஆகியவற்றை மாற்றுதல் வேண்டும். மலிவென்று சமையல் வாயுவை நிரப்பச் சொல்வாரின் பேச்சைக் கேளற்க. ஒழுக்கு ஏற்பட்டால் பிள்ளைகள் இருக்கும் அறைக்குள்ளேயே தீப்பற்றக்கூடும்.

கழற்றிய கொம்பிறசரால் டயருக்குக் காற்றடிக்கலாம் என்பாரும் உளர். தன்னகத்தே எண்ணெய்த் தொட்டியுள்ள பழைய யோர்க் வகைக்கே அது பெரிதும் பொருந்தும். பிற்காலத்து யப்பானிய வகைகள் பலவற்றில் எண்ணெய் வாயுவோடு சேர்ந்தே சுற்றிவருகின்றது. வாயு நீங்கி வெறுங்காற்று ஓடினால் அவை விரைவில் இறுகிப்போகும்.

இவற்றுக்கெல்லாம் இடையே நடுவழி ஒன்றும் உண்டு. வாயுவை முறைப்படி அகற்றியபின், பழுதான கொம்பிறசரை மாத்திரம் எடுத்துவிட்டு, ஏற்ற அளவுடைய பெல்றைப் பூட்டலாம். ஈரம் புகாதவாறு குழாய் வாய்களை இறுக மூடுதல் வேண்டும். மற்றைய பாகங்கள் இருந்தவிடத்திலேயே இருக்கட்டும். கையிற் பணம் சேரும் நாளில் மீளப் பூட்ட இது வழிவிடும். காரை வாங்க வருவோர்க்கும் குறையாகத் தோன்றாது.

முடிபு ஒவ்வொரு குடும்பத்திற்கும் வேறுபடும். தனியே அருகிலுள்ள கந்தோருக்குச் சென்றுவரும் ஒருவர் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சமாளிக்கலாம். முதிய பெற்றோரைச் சித்திரை வெயிலில் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்பவர் அவ்வாறு எண்ணுதல் அரிது. காரில் அமர்பவர் யார், பழுது எது, செலவு எவ்வளவு என்னும் மூன்றையும் வீட்டார் கூடியிருந்து எண்ணிப் பார்க்கட்டும். பணத்தை மிச்சம் பிடிப்பது நல்லதே. நம் பிள்ளைகள் வாழவேண்டிய வானத்தைப் பழுதாக்காமல் மிச்சம் பிடிப்பது அதனினும் நல்லது.