குளிரூட்டியின் வாயு தானாகத் தீர்ந்துபோவதில்லை

ஒரு காலத்தில் வங்கிகளிலும் வசதி படைத்தோரின் இல்லங்களிலும் மாத்திரமே காணப்பட்ட குளிரூட்டி, இன்று நடுத்தர வர்க்கத்தினரின் படுக்கையறைகளுக்கும் வந்துவிட்டது. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதத்தாலும் 2023 பெப்ரவரியில் 66 வீதத்தாலும் உயர்த்தப்பட்டபோது எமது குடும்பங்கள் பட்ட அவதியை எவரும் மறந்திருக்க முடியாது. அதன் பின்னர் கட்டணங்கள் பல தடவைகள் திருத்தப்பட்டுள்ள போதிலும், முறையாகப் பராமரிக்கப்படாத குளிரூட்டி வீட்டு வரவு செலவுக்கு வீண் சுமையாகவே இருந்து வருகின்றது.

குளிரூட்டி குளிரை உற்பத்தி செய்வதில்லை. அறையிலுள்ள வெப்பத்தையும் ஈரத்தையும் அகற்றி வெளியேற்றுவதே அதன் பணியாகும். 1902ஆம் ஆண்டில் வில்லிஸ் கரியர் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் இதனை வடிவமைத்ததும் மனிதர்களின் சுகத்துக்காக அல்ல. ஈரப்பதனால் அச்சகமொன்றின் காகிதங்கள் விரிந்து சுருங்குவதைத் தடுப்பதற்காகவே ஆகும். எனவே காற்று தடையின்றிச் செல்வதும் சேரும் நீர் தடையின்றி வடிவதுமே பராமரிப்பின் அடிப்படையாகும்.

முதலாவது கடமை, உட்பகுதியிலுள்ள தூசி வடிகட்டியைக் கழுவுவதாகும். இதற்குத் தொழில்நுட்பவியலாளர் எவரும் தேவையில்லை. நாளாந்தம் பாவனையிலுள்ள குளிரூட்டியாயின் மாதத்துக்கு ஒரு தடவையேனும் வடிகட்டியைக் கழற்றி நீரில் கழுவி, நிழலில் உலரவிட்டு மீண்டும் பொருத்த வேண்டும். அடைபட்ட வடிகட்டியை மாற்றுவதன் மூலம் மின்பாவனையை 5 முதல் 15 வீதம் வரை குறைக்கலாம் என அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் தெரிவிக்கின்றது. கழுவிப் பயன்படுத்தும் வடிகட்டிக்கும் இந்த நியாயம் பொருந்தும்.

நீர் வடியும் குழாயில் பாசியும் அழுக்கும் படிந்தால் சுவரில் நீர் கசியும். வெளிப்பகுதியைச் சுற்றிப் பொருட்களை அடுக்கி வைத்தால் வெப்பம் வெளியேற வழியிருக்காது. கரையோரப் பிரதேசங்களில் உப்புக்காற்று உலோகத் தகடுகளை அரிப்பதால், அங்கு வெளிப்பகுதியை அடிக்கடி நன்னீரால் கழுவுவது அவசியமாகும். கழுவும் முன்னர் மின்சாரத்தைத் துண்டிக்க மறந்துவிடக் கூடாது.

பலரும் ஏமாறும் இடம் வாயு விடயமாகும். “காஸ் முடிந்துவிட்டது, நிரப்ப வேண்டும்” என்று ஆண்டுதோறும் பணம் பெறுவோர் உள்ளனர். வாகனத்தின் எரிபொருளைப் போன்று குளிரூட்டியின் வாயு செலவாவதில்லை. அது மூடிய குழாய்களுக்குள் மீண்டும் மீண்டும் சுழல்வதாகும். வாயு குறைந்திருப்பின் எங்கோ கசிவு உள்ளது என்பதே பொருள். கசிவைக் கண்டறிந்து அடைக்காமல் வாயுவை நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதற்கு ஒப்பானது.

இது பணத்துடன் முடிந்துவிடும் விடயமன்று. பழைய குளிரூட்டிகளிலுள்ள ஆர்-22 வாயு ஓசோன் படலத்தைச் சிதைப்பதால், 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் படிப்படியாக நீக்கப்பட்டு வருகின்றது. அதற்குப் பதிலாக வந்த ஆர்-410ஏ ஓசோனைப் பாதிக்காவிடினும், நூறாண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 2000 மடங்கு புவியை வெப்பமாக்கும் தன்மை வாய்ந்தது. ஆர்-32இன் பாதிப்பு அதில் மூன்றிலொரு பங்காகும். எனினும் அது ஓரளவு தீப்பற்றக் கூடியது. ஆகவே, ஒரு வாயுவுக்கென வடிவமைக்கப்பட்ட இயந்திரத்தில் வேறொன்றை நிரப்புவதற்கு இடமளிக்கவே கூடாது. பயிற்சி பெற்றவரை அழைப்பதும், வாயுவை வெறுமனே காற்றில் திறந்துவிட அனுமதிக்காதிருப்பதும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பாகும்.

வெப்பநிலையை 18 பாகைக்குத் தாழ்த்துவதால் அறை விரைவாகக் குளிர்ந்துவிடும் என்பதும் தவறான எண்ணமே. 26 பாகை செல்சியஸில் வைத்து மின்விசிறியையும் இயக்கினால் போதிய சுகம் கிடைக்கும். ஒரு வீட்டின் அறையிலிருந்து வெளியேற்றப்படும் வெப்பம் அயலவரின் யன்னலையே சென்றடைகின்றது. அதனைக் குறைந்த அளவில் வெளியேற்றுவது எமது பணப்பைக்கு மாத்திரமன்றி அயலுக்கும் செய்யும் நன்மையாகும்.