சித்தப்பா கட்டின வரப்பும் எலிக்கு வந்த யோகமும்

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நியூஜெர்சியில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கிற சித்தப்பா மகன் செல்போனில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். ராத்திரி நேரம். அவன் வீட்டுக் குப்பைத்தொட்டி மேலே வெள்ளை மூஞ்சி, கூரான மூக்கு, முடியில்லாத வாலோடு ஒன்று உட்கார்ந்து முழித்துக்கொண்டிருந்தது.

சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அட, அங்கேயும் பெருச்சாளியா! யார்றா அதுக்கு விசா கொடுத்தது?"

அவருக்கு அப்போது எதைப் பார்த்தாலும் எலியாகத்தான் தெரியும். பூதலூரில் இரண்டு ஏக்கர் சம்பா போட்டிருந்தார். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் வயல் நடுவில் திட்டுத் திட்டாகத் தூர் அறுந்து கிடந்தது. கடன் வாங்கி நட்ட பயிர். கோபம் வராதா?

"அது பெருச்சாளி இல்லை சித்தப்பா, ஒப்போசம். கங்காரு மாதிரி வயிற்றில் பை வைத்திருக்கிற ஜாதி" என்றேன். (பி.காம். படித்தவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். வேலை கிடைக்காத காலத்தில் நூலகத்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்த புண்ணியம்.) பன்னிரண்டு, பதிமூன்று நாளில் குட்டி போட்டுவிடும். குட்டி தேனீ அளவுதான். கண்கூடத் திறக்காமல் தாயின் ரோமத்தைப் பற்றி ஏறிப் பைக்குள் போய் காம்பைக் கவ்விக்கொள்ளும். காம்பு வழக்கமாகப் பதிமூன்று. பிறப்பதோ சில சமயம் இருபதுக்கு மேல். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதைதான். இடம் கிடைக்காத குட்டிக்கு அடுத்த பஸ் கிடையாது.

ஆபத்து வந்தால் செத்த மாதிரி விழுந்து கிடக்கும் என்றதும் சித்தப்பா, "நம்ம வீட்டுக்குச் சுவர் வச்ச கொத்தனார் மாதிரியா?" என்று கேட்டார்.

அமெரிக்கக் கண்டங்களில் நூறு வகைக்கு மேல் இருக்கிற இந்த ஒப்போசம் நம் நாட்டில் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் ஒரு வேடிக்கை. பெருச்சாளிக்குத் தெலுங்கில் 'பந்திகொக்கு'. பந்தி என்றால் பன்றி. கொக்கு என்றால் எலி. (நம்ம ஊர் கொக்கு இல்லை.) வெள்ளைக்காரன் வாயில் அது 'பாண்டிகூட்' ஆகிக் கப்பலேறி ஆஸ்திரேலியா போனது. அங்கே கூர்மூக்கோடு மண்ணைக் கிளறின ஒரு பிராணியைப் பார்த்து அதே பெயரை வைத்துவிட்டார்கள். அதுவோ எலியே இல்லை. வயிற்றில் பை உள்ள ஜாதி. ஆந்திரத்து எலியின் பெயரில் அங்கே இன்றைக்கும் வேறு யாரோ குடித்தனம் நடத்துகிறார்கள்!

சித்தப்பாவுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் ரசிக்கவில்லை. "கறுப்புப் பொடி வாங்கிட்டு வாடா" என்றார்.

கறுப்புப் பொடி என்றால் ஜிங்க் பாஸ்பைடு. சித்தி சமையலறையிலிருந்தே, "அதை வாங்கினா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று குரல் கொடுத்தார். அதற்கு முந்தின வருஷம் மருந்து வைத்தபோது, செத்த எலியைக் கவ்வி வந்த வீட்டுப் பூனையும் மறுநாள் போய்விட்டது. எலிக்கோ புத்தி ஜாஸ்தி. கொஞ்சம் தின்று வயிற்றைப் புரட்டிவிட்டால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காது. அதனால்தான் முதலில் இரண்டு மூன்று நாள் வெறும் இரை வைத்துப் பழக்கச் சொல்வார்கள். சித்தப்பாவுக்கு ஏது அந்தப் பொறுமை?

கடைசியில் கிட்டி வைக்கிற பெரியவரைக் கூப்பிட்டோம். தஞ்சாவூர்க் கிட்டி என்று வேளாண்மைக்காரர்கள் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறார்கள். வளைத்த மூங்கில், இழுத்துக் கட்டின கயிறு, நடுவில் இரை. எலி இரையைத் தொட்டதும் மூங்கில் விடுபட்டு இறுகும். அவ்வளவுதான். விஷமும் இல்லை, மின்சாரமும் இல்லை. சாயந்திரம் வைத்து விடியற்காலம் எடுப்பது. எலிக்கு இவ்வளவு என்று கூலி.

பெரியவர் கிட்டியைக் கீழே வைக்காமல் முதலில் வரப்பைப் பார்த்தார். "யாரு தம்பி இவ்வளவு அகலமாக் கட்டினது?"

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். சித்தப்பா கல்லணை இருக்கிற திசையைப் பார்த்தார். டிவிஎஸ் ஐம்பதை வயல் வரைக்கும் ஓட்டிவர வேண்டும் என்று அவர்தான் இரண்டு பங்கு அகலத்தில் வரப்பு போட்டிருந்தார். குறுகலான வரப்பில் எலிக்கு வளை தோண்ட வசதிப்படாது. சித்தப்பா கட்டியதோ அடுக்குமாடி!

"இது கரம்பை எலி" என்று ஈரமண் தள்ளி அடைத்திருந்த வளையைக் காட்டினார் பெரியவர். உள்ளே அறை அறையாக இருக்குமாம். மண்வெட்டியால் வெட்டினார். வெட்டின கதிர் கட்டுக்கட்டாக! காமர்ஸ் பாஷையில் சொன்னால் இறுதிச் சரக்கிருப்பு. நன்றாக நீந்தும், மூன்று வாரத்தில் ஆறு, எட்டு என்று குட்டி போடும். புல்லெலி வேறு. அது வெடிப்பு விட்ட நிலத்தில் இருக்கிற சாது. ஒரு ரூபாய்க் காசு வாசலோடு இருந்த சின்ன வளை வயல் சுண்டெலியுடையது. எனக்கு எல்லாமே எலி. அவருக்கு ஒவ்வொன்றும் தனி விலாசம்.

மறுநாள் விடியற்காலம் முப்பத்தோரு எலி. சித்தப்பா வாலை எண்ணிக் காசு கொடுத்தார். பேரம் பேசாத ஒரே நாள் அதுதான்.

அன்று ராத்திரி நெல் குதிருக்குப் பக்கத்தில் 'கிச் கிச்' என்று சத்தம். சித்தப்பா துடைப்பத்தோடு பாய்ந்தார். ஒரே போடு. விளக்கைப் போட்டால் மூஞ்சூறு. பின்னாலேயே நான்கு குட்டிகள், ஒன்றின் பின்புறத்தை ஒன்று கவ்வி ரயில் பெட்டி மாதிரி வரிசையில். எஞ்சின் நின்றதால் பெட்டிகளும் நின்றிருந்தன.

காலையில் பாக்கிக் கிட்டியை எடுக்க வந்த பெரியவர் பார்த்துவிட்டு, "அட, இது எலியே இல்லீங்களே. கரப்பான், பூச்சி திங்கிறது. நெல்லு இருக்கிற வீட்டுல இதை அடிப்பாங்களா?" என்றார். நிஜம்தான். முள்ளெலிக்கும் மூஞ்சூறுக்கும்தான் சொந்தம். எலிக்கும் இதற்கும் தூரத்து உறவுகூடச் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை.

சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. சித்தி பஞ்சைப் பாலில் நனைத்து இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் குட்டிகள் இல்லை.

அறுப்பு முடிந்ததும் சித்தப்பா ஆள் விட்டு வரப்பைப் பாதியாகக் குறைத்தார். டிவிஎஸ் ஐம்பது இப்போது ரோட்டோரம் புங்க மரத்தடியில் நிற்கிறது. வயலில் ஆந்தை உட்கார நாலு குச்சி, 'டி' எழுத்து மாதிரி, நட்டிருக்கிறார். "வீட்டுக்கு எதிர்த்தாப்பல நடாதீங்க, கூகை கத்தினா ஆகாது" என்று சித்தி கண்டிஷன் போட்டதால் எல்லாம் வயலின் தெற்குக் கோடியில்.

போன வாரம் நியூஜெர்சியிலிருந்து போன். குப்பைத்தொட்டிக்காரியை விரட்ட மருந்து வைக்கலாமா என்று மகன் கேட்டான்.

"டேய், முதல்ல அதுக்கு வயித்துல பை இருக்கா பாரு!" என்று கத்தினார் சித்தப்பா.