குழாய் மரையில் இறுகிய பழைய பசை



ஒழுகும் குழாயைக் கழற்றிவிட்டுப் புதியது வாங்கி வந்து மாட்டுகிறோம். வெள்ளை டேப்பும் சுற்றுகிறோம். ஆனாலும் இணைப்பில் நீர் கசிகிறது. உடனே கடைக்காரரைக் குறை சொல்கிறோம். பல வேளைகளில் குறை அங்கே இல்லை. பழைய மரையில் கல்லாய் இறுகிக் கிடக்கும் பசையில்தான் இருக்கிறது.

ஜொகூரிலுள்ள பண்டார் தெங்காரா, 1972இல் அமைக்கப்பட்ட கெஜோரா என்னும் தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியம் உருவாக்கிய ஊர்களில் ஒன்று. சுற்றிலும் செம்பனை. அங்கேயும் அண்டைத் தோட்டங்களிலும் பழைய வீடுகளில் இரும்புக் குழாயோ பித்தளை இணைப்போ இன்னும் இருக்குமானால், இச்செய்தி அவர்களுக்கு உதவும்.

அரை அங்குலக் குழாயில் ஓர் அங்குல நீளத்துக்கு 14 மரைகள் இருக்கும். ஒவ்வொரு பள்ளத்தின் ஆழமும் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அதில் பழைய பசை தங்கினால் புதிய மரை முழுதும் உட்காராது, டேப்பும் கிழிந்துவிடும்.

முற்காலத்தில் சணலைச் சுற்றி, ஆளிவிதை எண்ணெயில் குழைத்த பசையைப் பூசினார்கள். அவ்வெண்ணெய் காற்றுப் பட்டால் இறுகும். சிலவகைப் பசைகளில் ஈயப் பொடியும் கலந்திருந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு ஈயத்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கண்ணால் பார்த்து ஈயத்தை அறிய முடியாது. ஆகையால் பழைய பசையில் ஈயம் உண்டு என்றே எண்ணி வேலை செய்வோம்.

உலர்ந்தபடி தேய்த்துத் தூள் பறக்கவிடக் கூடாது. தீயிலும் காட்டக் கூடாது. துத்தநாகம் பூசிய இரும்பு கடுமையாகச் சூடேறினால் அதன் புகை காய்ச்சலைத் தரும். வெள்ளை டேப்பும் எரிந்தால் நச்சுப்புகை விடும்.

முதலில் தண்ணீரை மூடுவோம். கழற்றும்போது இரண்டு ரெஞ்சு தேவை. ஒன்று சுவர்ப் பக்கத்து இணைப்பை அசையாமல் பிடிக்க, மற்றது திருக. இல்லையேல் சுவருக்குள்ளிருக்கும் குழாய் திரும்பி, அங்கே ஒழுகத் தொடங்கும்.

கழற்றிய துண்டைச் சோப்புக் கலந்த வெந்நீரில் ஊறவைப்போம். பசை கரையாது, அதன் பிடி சற்றுத் தளரும். பிறகு ஈரத்தோடே பள்ளம் பள்ளமாகச் சுரண்டுவோம். இரும்புக்குப் பழைய ஆக்ஸா பிளேடின் நுனி போதும். பித்தளை மென்மையானது, அதற்குப் பித்தளைக் கம்பிப் பிரஷ்ஷோ மூங்கில் சிம்போ ஏற்றது. சுவரிலுள்ள மரையாயின், குழாயின் துளையில் ஈரத்துணியை அடைத்துக்கொண்டு சுரண்டுவோம். முடிந்ததும் துணியை எடுத்துவிட்டுச் சிறிது நீரைத் திறந்து வெளியே ஓடவிடுவோம். மண்ணெண்ணெய் வேண்டாம், குடிநீரில் அதன் வாடை தங்கும்.

சுரண்டிய கசடை ஈரத்துணியால் துடைத்து, பையில் கட்டி எறிவோம். கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய பிறகே குழந்தையைத் தூக்குவோம்.

மரை பளிச்சென்று தெரிந்ததும் உலரவைத்து, மரை நம்மை நோக்கியிருக்க, டேப்பை வலஞ்சுழியாக இறுக்கிச் சுற்றுவோம். மாட்டும்போது அது பிரியாது.

மரையே தேய்ந்திருந்தால் எந்த டேப்பும் காப்பாற்றாது. அந்த இணைப்பை மாற்றவேண்டும். சமையல் வாயு இணைப்பில் மட்டும் நாம் கை வைக்க வேண்டாம். அது தேர்ந்தவர் வேலை.