ஹெட் வேலைக்குப் பிறகு வரும் சத்தம்

களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை என்று நெய்யாற்றின்கரை வரை தேசிய நெடுஞ்சாலை 66-இல் பாதித் தூரம் ஃபர்ஸ்ட் கியரிலும் செகண்ட் கியரிலும்தான் ஊர வேண்டியிருக்கும். ரேடியேட்டர் அடைத்த பழைய வண்டி இந்த நெரிசலில்தான் கொதிக்கும். கொதித்தால் ஹெட் கேஸ்கட் போகும், கேஸ்கட் போனால் ஹெட்டைக் கழற்ற வேண்டும். இந்தப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் டிஎன் 74, டிஎன் 75, கேஎல் 19, கேஎல் 20 எல்லாம் அடுத்தடுத்து நிற்கும். எல்லை எங்கே ஓடினாலும், வேலை முடிந்து வண்டியை எடுத்தவர் திரும்பி வந்து சொல்வது ஒன்றேதான்: "சத்தம் கேக்குது, புல்லிங்கும் இல்ல."

இந்த இரண்டு குறைகளையும் ஒரே நோயாக எடுத்துக்கொண்டால் வைத்தியம் தவறிவிடும்.

எஞ்சினுக்குள் பிஸ்டன்கள் சுழற்றுவது கிராங்க் ஷாஃப்ட்டை. காற்று உள்ளே வரவும் புகை வெளியே போகவும் வால்வுகளைத் திறந்து மூடுவது கேம் ஷாஃப்ட். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். இரண்டையும் இணைப்பது மாருதி 800-இல் பல்வைத்த ரப்பர் பெல்ட், ஸ்விஃப்ட் டீசலின் 1248 சிசி எஞ்சினில் இரும்புச் செயின். ஹெட்டை இறக்கினால் இந்த இணைப்பை அவிழ்த்தாக வேண்டும். திரும்பப் பூட்டும்போது பல்சக்கரங்களில் உள்ள மார்க்குகள் அதனதன் இடத்தில் நிற்க வேண்டும். கேம் சக்கரத்தில் 40 பல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு பல் மாறினாலே கேம் 9 டிகிரி விலகும். கிராங்க் கணக்கில் அது 18 டிகிரி.

மாறுவதற்குக் கவனக்குறைவு மட்டும் காரணமில்லை. கேமை வால்வு ஸ்பிரிங்குகள் ஓயாமல் தள்ளிக்கொண்டிருக்கும். பெல்ட்டை மாட்டும் நொடியில் அது கொஞ்சம் நகரும். கிராங்க் இழுக்கும் பக்கத்தில் பெல்ட் தளர்வாக இருந்துவிட்டால், பெல்ட்டை இறுக்கும் டென்ஷனர் அந்தத் தளர்வை வாங்கிக்கொள்ளும்போது மார்க் ஒரு பல் தள்ளிப் போகும். ஆகவே பூட்டியபின் ஸ்பானர் போட்டுக் கிராங்கைக் கையால் முழுசாக இரண்டு சுற்று சுற்றி, மார்க்குகளை மறுபடி பார்க்க வேண்டும். சுற்றும்போது எங்காவது முட்டினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பிஸ்டன் வால்வில் இடிக்கிறது என்று அர்த்தம். இரண்டு நிமிட வேலை இது. அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் இதுவே.

ஒரு பல் மாறிய எஞ்சின் பெரும்பாலும் இரும்புச் சத்தம் போடாது. அது வலுவை இழக்கும். சமதரையில் ஓடும், வெள்ளறடைப் பக்கம் ஏற்றத்தில் திணறும். பழைய மாருதி 800-இல் இதை மறைக்க ஒரு வழியும் இருக்கிறது. அதன் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றுவது கேம் ஷாஃப்ட்தான். கேம் மாறினால் தீப்பொறியின் நேரமும் கூடவே மாறும். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பித் தீப்பொறியைச் சரிசெய்தால் ஐடிலிங் ஓரளவு சீராகும். வால்வுகளோ தவறான நேரத்தில் திறந்துகொண்டே இருக்கும். இப்படித் 'தீர்த்து' அனுப்பப்பட்ட வண்டிகள் பெட்ரோலைக் குடித்துக்கொண்டு ஓடுகின்றன.

சத்தத்துக்கு வேறு கணக்கு. ஐடிலிங்கில் கிராங்க் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினால் கேம் 400 சுற்று. ஒரு டேப்பட் லூசாக இருந்தால் நொடிக்கு ஆறேழு தட்டு கேட்கும். கிராங்க் பக்கத்து பேரிங் தட்டினால் அதைப்போல் இருமடங்கு. டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள வண்டியில் முதல் சிலிண்டரின் பிளக் ஒயரில் டைமிங் லைட்டை மாட்டினால் ஐயமே வேண்டாம்: ஒரு மின்னலுக்கு ஒரு தட்டு என்றால் கோளாறு மேலே வால்வுப் பக்கம், இரண்டு தட்டு என்றால் கீழே. நீண்ட ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து ஹெட் கவரில் ஊன்றிக் கேட்கும் பழக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட் சரியாக உட்காராமல் புகை கசிந்தால் அதுவும் டேப்பட் போலவே டிக் டிக் என்னும். ஹெட் வேலையில் அதையும் கழற்றித்தானே மாட்டினார்கள்?

டைமிங்கைச் சந்தேகித்தால் கம்ப்ரஷன் கேஜ் உதவும். எல்லாச் சிலிண்டரும் ஒரே அளவில் குறைந்திருந்தால் முதலில் மார்க்கைப் பார்க்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு மட்டும் குறைந்தால் கேஸ்கட் மறுபடி நடுவில் விட்டிருக்கலாம். ஒன்று மட்டும் குறைந்தால் பிளக் துளையில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் ஊற்றித் திரும்ப அளக்கலாம்: ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு வளைந்திருக்கலாம். புதிய வண்டிகளில் ஸ்கேனர் பி0016 என்ற குறியைக் காட்டும். கிராங்க் சென்சாரும் கேம் சென்சாரும் சொல்வது ஒத்துப்போகவில்லை என்பது அதன் பொருள். உடனே சென்சாரை மாற்றச் சொல்வார்கள். ஹெட் இறக்கி வந்த வண்டி என்றால் மார்க்கைப் பார்க்காமல் சென்சாருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

செயின் வண்டிக்காரர்களுக்கு இன்னொன்று. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி கரகரவென்று கேட்டு அடங்கினால் டைமிங் மாறிவிட்டது என்று பதற வேண்டாம். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் இயங்குகிறது. மலிவான ஆயில் ஃபில்டரில் ஆயில் திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வு சரியில்லை என்றால் இரவோடு ஆயில் இறங்கிவிடும், ஏறும்வரை செயின் அடிக்கும். நல்ல ஃபில்டரும் கம்பெனி சொன்ன கிரேடு ஆயிலும் போட்டு, ஓர் இரவு நிறுத்திவைத்து, மறுநாள் காலை பானட்டைத் திறந்துவைத்துக் கேளுங்கள். அப்போதும் அதே சத்தம் கேட்டால் செயின் கவரைக் கழற்றச் சொல்லலாம்.