கொன்றை பூத்தாச்சு... குடும்பப் படம் எடுத்தாச்சா?

சித்திரை பிறந்தால் போதும், நெய்வேலி டவுன்ஷிப்புக்கே ஒரு கல்யாணக் களை வந்து விடும். சரக்கொன்றை சரம் சரமாகத் தொங்கும். மே பிளவர் மரம் செக்கச் செவேலென்று சிவக்கும். வேப்பம்பூ வாசலெல்லாம் கொட்டிக் கிடக்கும்.

இந்தச் சில வாரங்களில்தான் குவார்ட்டர்ஸ் வீடுகளில் ஓர் ஆசை எட்டிப் பார்க்கும். "எல்லாருமா நின்னு ஒரு படம் எடுத்துக்கணும்!"

ஆனால் நடப்பது என்ன? "இந்த வருஷம் போகட்டும், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." அங்கேதான் வருகிறது வினை!

வீடும் நிலையில்லை, மரமும் நிலையில்லை

1956-ல் தொடங்கிய பழுப்பு நிலக்கரி நிறுவனம் கட்டிய குவார்ட்டர்ஸ் இவை. ரிடையர் ஆனால் சாவியை ஒப்படைத்து விட்டுப் புறப்பட வேண்டியதுதான். பீரோவை லாரியில் ஏற்றலாம்; வாசலில் நிழல் தந்த மரத்தை ஏற்ற முடியுமா?

மரத்துக்கும் உத்தரவாதம் கிடையாது. 2011 டிசம்பர் 30-ந் தேதி "தானே" புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. நெய்வேலியில் ஏராளமான மரங்கள் வேரோடு சாய்ந்தன. அந்த மரத்தடியில் முன்பே படம் எடுத்து வைத்தவர்களுக்குப் படமாவது மிச்சம்!

ஷிப்ட் பார்த்து நாள் குறிங்க

இந்த ஊரில் முகூர்த்தத்துக்கு முன்னால் ஷிப்ட் பார்க்க வேண்டும். நைட் ஷிப்ட் முடித்து வந்தவரைக் காலையில் நிறுத்தினால் படத்தில் கொட்டாவிதான் விழும். அவருக்கு மாலைதான் சரி. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியணும். வெளியூர் மகனுக்கு லீவு கிடைக்கணும்.

எல்லாம் கூடி வரும்போது மே முதல் வாரத்தில் அக்கினி நட்சத்திரம் வந்து நிற்கும். நடுவே ஒரு கோடை மழை அடித்தால், ராத்திரியோடு ராத்திரியாகப் பூ தரைக்கு வந்து விடும். ஆகவே ஏப்ரலிலேயே ஒரு நாளைக் குறித்து விடுங்கள்.

காலை 6½ முதல் 8 மணி வரை நல்ல வெளிச்சம். மாலையில் 5 முதல் 6. உச்சி வெயிலில் எடுத்தால் கண்ணுக்குக் கீழே கரி அப்பியது போல நிழல் விழும். மரத்துக்கு நேர் அடியிலும் நிற்க வேண்டாம். இலை இடுக்கு வழியாக வரும் வெயில் முகத்தில் புள்ளி புள்ளியாக விழும். பூ பின்னால் இருக்கட்டும். நீங்கள் நாலடி முன்னால் வாருங்கள்.

சிவப்புக்குச் சிவப்பு ஆகாது

அக்பா கிளிக் கேமரா காலத்தில் ஒரு பிலிம் சுருளுக்கு 12 படம்தான். கறுப்பு-வெள்ளையில் சிவப்புப் பூவும் பச்சை இலையும் ஒரே சாம்பல் நிறம்! எந்தச் சேலை கட்டினாலும் கவலை இல்லை. இன்று செல்போன் எல்லா நிறத்தையும் காட்டிக் கொடுத்து விடும். மே பிளவருக்கு முன்னால் சிவப்புப் பட்டு கட்டினால் ஆளும் மரமும் ஒன்றாகி விடும். வெள்ளை, இளநீலம் எடுப்பாக இருக்கும். கொன்றைக்கு முன்னால் மஞ்சள் வேண்டாம். கத்தரிப்பூ நிறமோ கரும்பச்சையோ கட்டுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. மே பிளவர் கிளை சட்டென்று முறியும். அழகுக்காகக் குழந்தையை ஏற்றி உட்கார வைக்காதீர்கள். சுரங்கம், அனல் மின் நிலையம் பக்கம் படம் பிடிக்கப் போகாதீர்கள். அதெல்லாம் பாதுகாப்புப் படையின் காவலில் உள்ள இடம்.

படம் எடுப்பவர் எங்கே?

பழைய ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். எப்போதும் படம் எடுக்கும் அப்பா எந்தப் படத்திலும் இருக்க மாட்டார்! பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "சார், ஒரு நிமிஷம் வாங்களேன்" என்று போனைக் கையில் கொடுங்கள். பாட்டிக்கு ஒரு நாற்காலி போடுங்கள்.

எடுத்த படம் போனிலேயே தூங்க வேண்டாம். ஒரு பிரிண்ட் போட்டு, பின்பக்கம் தேதியும் வட்டம் எண்ணும் எழுதி வையுங்கள்.

கொன்றை அடுத்த சித்திரையிலும் பூக்கும். அன்றைக்கு அந்த வாசல் நம்முடையதாக இருக்குமா, அந்த நாற்காலியில் பாட்டி இருப்பாரா? யாருக்குத் தெரியும்!