கரிசல் நிலத்தில் பசுமையும் மாந்த நலமும்: எப்போதும்வென்றான் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இயற்கையோடு கொள்ளும் தொடர்பு மனிதரின் உடலுக்கும் உள்ளத்துக்கும் நலம் பயக்கிறது என்பதை உலக ஆய்வுகள் பல எடுத்துரைத்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை மழை குறைவற்ற குளிர்நாடுகளின் நகரங்களில் நிகழ்ந்தவை. ஆண்டின் பாதியில் பச்சை நிறமே காணக் கிடைக்காத கரிசல் நிலத்துக்கு அவ்வளவுகோல் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பருவம், அறிவு, உரிமை ஆகிய மூன்றையும் சேர்த்து நோக்கினாலன்றிக் கரிசலில் இயற்கைக்கும் நலத்துக்கும் உள்ள உறவு புலப்படாது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கரிசல், மானாவாரி, கண்மாய், மந்தை, சீமைக்கருவேலம், நலவாழ்வு.

முன்னுரை

தொல்காப்பியம் கருப்பொருளை வகுக்கையில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலியவற்றை ஒரே வரிசையில் வைக்கிறது. மரத்தைத் தொழிலிலிருந்தோ வழிபாட்டிலிருந்தோ பிரிக்காமல் காணும் பார்வை அது. இன்றைய சூழல் உளவியல் இயற்கையைத் தனி மாறியாகப் பிரித்தெடுத்து, அது மனிதரிடம் ஏற்படுத்தும் விளைவை அளக்கிறது. இவ்விரு பார்வைகளையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை. ஒன்று விட்ட இடத்தை மற்றொன்று நிரப்பக்கூடும். அதற்குரிய களமாகத் தூத்துக்குடி மாவட்டம் ஓட்டப்பிடாரம் வட்டத்தில், மதுரை - தூத்துக்குடி நெடுஞ்சாலையில் அமைந்த எப்போதும்வென்றானும் அதனைச் சூழ்ந்த கோவில்பட்டி, எட்டயபுரம் பகுதிகளும் இங்குக் கொள்ளப்படுகின்றன.

அளவீட்டு ஆய்வுகள் கூறுவன

இத்துறையின் தொடக்கப்புள்ளியாகப் பலரும் சுட்டுவது ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வு. பென்சில்வேனிய மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்றோருள் 23 இணைகளை அவர் ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரை மட்டுமே கண்டவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர். வலிமை மிக்க வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. இயற்கைக் காட்சி சோர்ந்த கவனத்தை மீட்டெடுக்கிறது என்னும் கோட்பாட்டை ரேச்சல் காப்லானும் ஸ்டீபன் காப்லானும் 1989இல் விரித்துரைத்தனர். இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரின் தரவைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வு, வாரத்துக்கு 120 நிமிடமேனும் இயற்கையிடையே கழிப்பவர்கள் தம் உடல்நலம் நன்றாக இருப்பதாகக் கூறும் வாய்ப்பு மிகுதி என்றது.

இவை பெரும்பாலும் தொடர்பைக் காட்டுவனவே. நலமுடையோரே மிகுதியாக வெளியே உலவுகின்றனர் என்றும் வாதிடலாம். ஆயினும் 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று இவ்வையத்தை ஓரளவு குறைக்கிறது. வண்டுத் தாக்குதலால் ஆஷ் மரங்கள் பெருந்திரளாக மடிந்த பகுதிகளில் இதயநோய், மூச்சுநோய் இறப்புகள் கூடியிருந்ததை அது கண்டது. அங்கு இடம்பெயர்ந்தவர்கள் மனிதர்கள் அல்லர், மறைந்தவை மரங்கள்.

இவ்வாய்வுகள் யாவும் 'பசுமை'யைக் கண்ணுக்குப் புலப்படும் மரமாகவோ நடந்து உலவும் பூங்காவாகவோ கொள்கின்றன. கரிசலில் சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

கரிசலின் பருவப் பசுமை

மானாவாரிக் கரிசல் வடகிழக்குப் பருவமழையை நம்பியது. புரட்டாசியில் உழுது விதைத்து, ஐப்பசி, கார்த்திகை மழையில் முளைத்து, மார்கழியில் உளுந்தும் பாசியும் பருத்தியும் சோளமும் நிலத்தை மூடுகின்றன. தை, மாசியில் அறுவடை. பங்குனிக்குப் பின் நிலம் கருமையாகிப் பிளக்கிறது. கோடையில் எடுக்கப்படும் செயற்கைக்கோள் படத்தில் இது வெறுநிலமாகவே தோன்றும்.

வேளாண் குடியானவரின் கண்ணுக்கு அது வெறுநிலமன்று. நீரில் உப்பி, வெயிலில் சுருங்கும் களிமண்ணாதலின் கரிசல் வெடிக்கிறது. மேல்மண் வெடிப்புக்குள் விழுந்து அடிமண்ணோடு கலக்கிறது. நிலம் தன்னைத்தானே புரட்டிக்கொள்ளும் இச்செயலை அறிந்தவர் பிளந்த புஞ்சையில் அடுத்த வெள்ளாமையைக் காண்கிறார். அறியாதவர் வறட்சியை மட்டும் காண்கிறார். ஒரே காட்சி இருவர் உள்ளத்தில் இருவேறு விளைவைத் தருமெனின், காட்சியோடு அறிவையும் சேர்த்தே அளத்தல் வேண்டும்.

இவ்வறிவு சொற்களில் தங்கியுள்ளது. கி. ராஜநாராயணன் 1982இல் வெளியிட்ட 'கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி' மொழியியல் சான்றாகவே பெரிதும் பயன்படுத்தப்பட்டு வந்துள்ளது. மண், மழை, காற்று, பயிர் பற்றிய நுண்வேறுபாடுகளைப் பேணும் சூழலறிவுத் தொகுப்பாகவும் அதனைப் பயிலலாம். எப்போதும்வென்றானில் வழிபடப்பெறும் சோலைசாமியின் பெயரும் இங்குக் கருதத்தக்கது. மரத்திரள் அரிதான நிலத்தில் சோலை தெய்வப்பெயராக நிற்கிறது.

கண்மாய், மந்தை, உரிமை

கரிசலில் ஆண்டு முழுதும் நிழலும் நீரும் தரும் பொதுவெளிகள் கண்மாய்க் கரையும் மந்தையுமே. உருளைக்குடிக் கண்மாயை நடுவாகக் கொண்டு சோ. தர்மன் எழுதிய 'சூல்' (2016) 2019ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. மரம், மீன், பறவை, தெய்வம், நீர் பாய்ச்சுபவர் எல்லாம் ஒரு கண்மாயோடு பிணைந்திருந்த வாழ்வையும், அப்பிணைப்பு அறுந்தபின் நேர்ந்த சிதைவையும் அப்புதினம் விரித்துரைக்கிறது. அங்குக் கண்மாய் பார்த்து மகிழும் காட்சியாக இல்லை. கரம்பை அள்ளுதல், கரை காத்தல், மடை திறத்தல் எனக் கடமை வழியாகவே மக்கள் அதனை அணுகினர். பூங்காவில் உலவும் 120 நிமிடக் கணக்கில் இவ்வகைத் தொடர்பு அடங்காது.

இதனை இழந்த பொற்காலமாகக் கொள்வதும் பிழை. மந்தை நிழலும் நீர்த்துறையும் எல்லார்க்கும் ஒப்ப உரியனவாக இருந்ததில்லை; சாதி அவற்றைப் பிரித்தே வைத்தது. பூமணியின் 'பிறகு' (1979) அருந்ததியர் வாழ்வின் நிலையிலிருந்து ஊரைக் காட்டுகிறது. அவரது 'வெக்கை' (1982) கொலை செய்துவிட்டுத் தந்தையோடு தலைமறைவாகத் திரியும் சிறுவனைச் சித்திரிக்கிறது. அங்கு ஓடையும் புதரும் மலையும் புகலிடமாகின்றன. ஊர் மறுத்த காப்பைக் காடு தருகிறது. எங்கே உணவு கிடைக்கும், எங்கே நீர் ஊறும் என்னும் அறிவே அவர்களைக் காக்கிறது. ஒரு பொதுவெளி நலம் தருகிறதா என வினவும் ஆய்வு, யாருக்கு என்றும் வினவுதல் வேண்டும்.

தீப்பெட்டித் தொழில் பரவியபோது, புஞ்சை வேலையிலிருந்த பெண்களும் சிறாரும் பெருமளவில் ஆலை அறைகளுக்குள் சென்றனர். மழை பொய்த்த காலத்தில் அக்கூலி குடும்பங்களைத் தாங்கியது. ஆனால் வெட்டவெளியில் கழிந்த பகற்பொழுது கந்தகமும் மருந்தும் மணக்கும் அறைக்கு மாறியது. சிறார் உழைப்பைப் பற்றித் தாம் இயக்கிய திரைப்படத்துக்குப் பூமணி 'கருவேலம்பூக்கள்' எனப் பெயரிட்டது, குழந்தைகளை நிலத்தின் தாவரத்தோடு சேர்த்துக் காண்பதாகவே கொள்ளத்தகும்.

பசுமை எல்லாம் நலமன்று

கடந்த நூற்றாண்டில் விறகுக்காகவும் வேலிக்காகவும் பரப்பப்பட்ட சீமைக்கருவேலம் இன்று கண்மாய்களின் உள்வாயிலும் தரிசிலும் அடர்ந்து நிற்கிறது. கடுங்கோடையிலும் அது வாடுவதில்லை. எனவே பசுமையை மட்டும் கணக்கிட்டால் கரிசலின் 'நலம்' உயர்ந்துவிட்டதாகவே தோன்றும். நடைமுறையிலோ அம்முள்அடர்த்தி கண்மாய்க்குள் செல்லும் வழியை அடைக்கிறது. ஆடுமாடுகளின் மேய்ச்சல் சுருங்குகிறது. அமர்ந்து இளைப்பாறும் நிழலாகவும் அது அமைவதில்லை. அதனை அகற்றுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017இல் ஆணையிட்டது. மறுபுறம், வெள்ளாமை பொய்த்த ஆண்டுகளில் அதே மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டே பல குடும்பங்கள் பிழைக்கின்றன. ஆகவே மாற்று வாழ்வாதாரமும் மாற்று மரமும் இன்றி அதனை அகற்றுவது நலத்தின் ஒரு கூற்றைக் காத்து மறுகூற்றைக் கெடுப்பதாகும்.

முடிவுரை

பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022இல் தொடங்கப்பட்டு, மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தும் இலக்கோடு செயற்பட்டு வருகிறது. இவ்விலக்கு கரிசலை அடையும்போது, எத்துணை மரம் என்பதோடு எம்மரம், எங்கே, யாருக்கு என்னும் வினாக்களும் எழுதல் வேண்டும். மானாவாரிப் புஞ்சையின் திறந்தவெளியை மரங்களால் மூடுவது அந்நிலத்துக்கு நலமாகாது. கண்மாய்க் கரையிலும் மந்தையிலும் ஊருணி ஓரத்திலும் வேம்பு, உடை, நாட்டுக்கருவேலம், பனை ஆகியன மீளுமாயின் நிழலும் பயனும் ஒருங்கே கிட்டும். அந்நிழல் எல்லார்க்கும் பொதுவாதலும் அதனோடு சேர்ந்த நிபந்தனை.

பருவம் அறியாத அளவீடு கோடைக் கரிசலைப் பாழென்று பிழைபடக் கணிக்கும். அறிவைக் கணக்கிடாத அளவீடு பிளந்த மண்ணில் அடுத்த விளைச்சலைக் காணாது. உரிமையை வினவாத அளவீடு சிலருடைய நிழலை எல்லாருடைய நிழலாக எண்ணும். கரிசல் இலக்கியமும் வட்டாரச் சொல்வளமும் இம்மூன்றுக்கும் சான்று தரவல்லவை. அச்சான்றுகளைச் சூழலியலாரும் நலவாழ்வு ஆய்வாளரும் பயன்கொள்ளும் வடிவில் தொகுத்தளிப்பது தமிழாய்வாளர்முன் உள்ள பணியாகும்.