ஜவ்வரிசி ஆலை கழிவுநீரில் இருந்து கேஸ்... நாற்றமடிக்கும் தண்ணீர் எரிபொருளாக மாறுவது எப்படி?

பாயசத்துல மிதக்குற ஜவ்வரிசி பெரும்பாலும் சேலம், நாமக்கல் வட்டார சேகோ ஆலைகளில் இருந்து வருவதுதான். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால் சீசனில் அந்த ஆலைகள் இருக்கும் ஊர் வழியாகப் போனவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். மூக்கைத் துளைக்கும் புளிச்ச நாற்றம்!

நாற்றம் எங்கிருந்து வருது?

மரவள்ளிக்கிழங்கைக் கழுவி, தோல் சீவி, அரைத்து, வடிகட்டி மாவுப்பால் எடுப்பார்கள். அதைத் தொட்டியில் விட்டால் மாவு அடியில் தங்கும். மேலே தெளியும் தண்ணீர்தான் பிரச்சனை. அதில் கரைந்த ஸ்டார்ச்சும் சர்க்கரையும் நிறைய இருக்கும். ஸ்டார்ச் சாப்பாடுதானே, நமக்கு மட்டுமில்ல, பாக்டீரியாவுக்கும்தான். சில மணி நேரத்திலேயே தண்ணீர் புளித்து அமிலமாகிவிடுகிறது. மரவள்ளியில் இயற்கையாகவே உள்ள சயனைடு சேர்மங்களும் இதில் கலக்கின்றன.

இந்தத் தண்ணீர் ஏரியில் கலந்தால், அதைத் தின்னும் பாக்டீரியா நீரில் உள்ள ஆக்சிஜனை எல்லாம் இழுத்துக்கொள்ளும், மீன் செத்து மிதக்கும். மண்ணில் இறங்கினால் பக்கத்துக் கிணறு கெடும். இந்த ஆக்சிஜன் தேவையைத்தான் பிஓடி என்கிறார்கள். நீர்நிலையில் விட லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரைதான் அனுமதி. சுத்திகரிக்காத சேகோ கழிவுநீரிலோ இது ஆயிரக்கணக்கில் இருக்கும்.

அப்போ என்ன தீர்வு?

காற்றே புகாத மூடிய தொட்டி. ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியா ஸ்டார்ச்சைத் தின்று மீத்தேனை வெளியிடும். வீட்டு சாண எரிவாயுக் கலனும் இதே கதைதான். அந்த கேஸை ஜவ்வரிசி வறுக்கவும் ஜெனரேட்டர் ஓட்டவும் பயன்படுத்தலாம். விறகுச் செலவும் கரண்ட் பில்லும் குறையும் என்பதால், 'கழிவுநீருக்குப் போய் காசு செலவழிக்கணுமா' என்று யோசிக்கும் முதலாளியும் சம்மதிக்க வாய்ப்பு அதிகம்.

ஆனா தொட்டி கட்டினா மட்டும் போதாது. மீத்தேன் பாக்டீரியாவுக்கு அமிலம் ஆகவே ஆகாது, பிஎச் 7-ஐ ஒட்டி இருக்கணும். வரும் தண்ணீரோ 4, 5-ல் இருக்கும். அதனால் சுண்ணாம்பு சேர்ப்பார்கள், அல்லது சுத்திகரித்த நீரில் கொஞ்சத்தைத் திருப்பிக் கலப்பார்கள். சீசன் முடிந்து ஆலை நிற்கும்போது பாக்டீரியா பட்டினி கிடக்கும், மறுபடி முழு வேகத்துக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம். தொட்டியில் இருந்து வெளியே வரும் நீரும் 30-ஐ எட்டியிருக்காது. அடுத்து காற்று ஊதும் தொட்டியிலும் சுத்தம் செய்தாக வேண்டும். இந்தக் கடைசிக் கட்டம் கேஸ் தராது, கரண்டைத்தான் குடிக்கும். செலவைக் குறைக்க நினைத்தால் முதலில் கை வைக்கப்படுவதும் இதில்தான். அதிகாரிகள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

திறந்த குட்டையில் கழிவுநீரைத் தேக்கினாலும் மீத்தேன் உருவாகும். அது அப்படியே காற்றில் போய்விடும். பூமியைச் சூடாக்குவதில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட 25 மடங்குக்கும் மேல் வீரியமானது.